இடக்கை அபயம்

மேடையில் அவர் கையைத் தூக்குகிறார். வலக்கை, மார்பளவு உயரம், உள்ளங்கை கீழ்நோக்கி, விரல்கள் லேசாக மடிந்திருக்க, இரண்டு தட்டு. காற்றைத்தான் தட்டுகிறார், ஆனால் கைதட்டிக்கொண்டிருந்த அரங்கம் முழுக்க அடங்கிவிட்டது. இந்தக் கைக்குச் சிற்ப நூல்களில் பெயர் கிடையாது. நான் வைத்த பெயர் ‘இருக்கட்டும்’. சார், என் ஆய்வேட்டைப் பார்த்தீர்களா? இருக்கட்டும். சார், நெகட்டிவ் அலமாரிச் சாவி கொஞ்சம் வேண்டும். இருக்கட்டும். சார், இந்த மார்ச்சோடு எனக்கு ரிட்டயர்மென்ட். இருக்கட்டும், இருக்கட்டும். முப்பத்தாறு வருஷம் இந்தக் கை தட்டித் தட்டியே என்னை உட்கார வைத்தது. இன்றைக்கு அதற்கு எண்பதாவது பிறந்தநாள். டாக்டர் ஆளவந்தார், எழுபத்தைந்து வயது வரை எங்கள் கலை ஆவண நிலையத்தின் டைரக்டர், சிலைகளின் கைகள் என்ன சொல்கின்றன என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த பெரிய புத்தகத்தின் ஆசிரியர். கழுத்தில் ஏலக்காய் மாலை. முன்னால் மேஜையில் தண்ணீர் பாட்டில், அதை மறைக்க ஒரு பூச்செண்டு. நான் ஆறாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. மடியில் கைப்பை. பைக்குள் பட்டர் பேப்பர் உறை, உறைக்குள் ஒரு ஃபிலிம், ஒரு அட்டை. பேச்சு ஆறேகால் வரை, அதன் பிறகு கேள்வி நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. இப்போது ஐந்து நாற்பது. முப்பத்தைந்து நிமிஷம் காத்திருந்தால் போதும், அந்தக் கையை நான் கீழே இறக்கிவிடுவேன்.

எனக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, கை நிற்கும். இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நிலையத்தில் அப்போது கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் குவிந்து கிடந்தன, யாரும் தொடவில்லை. டைப் அடிக்க ஒன்றும் இல்லாத மதியங்களில் அவற்றை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் எனக்கும் எல்லாம் ஒரே கைதான். பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. அஞ்சாதே என்று உள்ளங்கையைக் காட்டி நிமிர்ந்து நிற்பது அபயம். கேள், தருகிறேன் என்று கீழே தொங்குவது வரதம். பூ வைத்துக்கொள்ளத் தோதாக விரலை வளைத்தது கடகம். வாசலில் நிற்கும் காவல்காரன் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி மிரட்டுவது தர்ஜனி, அதே காவல்காரன் இன்னொரு கையை விரித்து உள்ளே இருக்கிறவரின் பெருமையை வியப்பது விஸ்மயம். ஒரே ஆளிடம் ஒரு கை மிரட்டும், ஒரு கை வியக்கும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்த நூலும் தேவைப்படவில்லை, டைரக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்ததே போதும். படத்துக்கு ஒரு அட்டை என்று வெட்டி, எந்தக் கை, எவ்வளவு உயரம், கட்டைவிரல் எங்கே, விரல் நுனி எதைப் பார்க்கிறது, ஒவ்வொன்றையும் எழுதினேன். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். பிள்ளை குட்டி இருந்திருந்தால் அவ்வளவு எழுதியிருக்க முடியாது என்று என் தங்கை சொல்வாள், அதில் குத்தல் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அந்த அட்டைகளை வைத்து ஆய்வேடு எழுதி அவரிடமே கொடுத்தேன். ஆறு வருஷம் அவர் மேஜை இழுப்பறையில் கிடந்தது. எப்போது கேட்டாலும் ‘அடுத்த மாசம்’. திரும்பி வந்தபோது மேலட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது, உள்ளே ஒரு பென்சில் கோடுகூட இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவருடைய புத்தகம் வந்தது. என் ஏழு அத்தியாயமும் அதே வரிசையில். முன்னுரையின் கடைசியில், களைத்த வேளைகளில் தேநீர் தந்த கேசவனுக்கும், தட்டச்சு செய்த மிஸ் புனிதவதிக்கும் நன்றி. கேசவன் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் டீ நன்றாகவே இருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் என்னைப் போட்ட அந்தக் கையை நான் மன்னிக்க மாட்டேன். அன்றிரவுதான் தனி டப்பா ஒன்றை ஆரம்பித்தேன். ஆளவந்தாரின் கைகளுக்கு மட்டும். ஆ-1, இருக்கட்டும். ஆ-3, சுட்டுவிரலால் கதவைக் காட்டுவது. ஆ-7, வெளிநாட்டுக்காரர் வந்தால் மட்டும் இரண்டு கையும் குவிவது. பதினோரு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன. பன்னிரண்டாவதற்கு வெற்று அட்டை ஒன்றும் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் வந்து உட்காருகிறாள். “மேடம், இது யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா?” இல்லை என்று பையை ஒதுக்கிக்கொள்கிறேன். இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். நகம் கடித்த விரல்கள், பேனா மை, வலக்கை இடக்கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பயந்தவர்களின் கை. வாசலில் கொடுத்த துணிப்பையை மடியில் வைத்திருக்கிறாள். எல்லோரிடமும் அந்தப் பை இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு இடக்கை, உள்ளங்கை நம்மைப் பார்க்க. டீக் கோப்பையிலும் அதே கை, மேடைப் பேனரிலும் அதே கை. நாளைக்கு இதில் கத்தரிக்காய் வாங்கி வருவார்கள். சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டேன். அந்தக் கையைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறார். விளக்குகளை அணைக்கிறார்கள். திரையில் படம் விழுகிறது. நாற்பது வருஷமாகத் தெரிந்த படம், இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. எண் 1187. சிறுகளப்பாடி என்ற ஊருக்கு வெளியே ஒரு பாறையில் செதுக்கிய ஆள், இரண்டே கை, ஆயுதம் கிடையாது, பெயர் கிடையாது. ஒரு கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது, ஒரு கை அபயம். அபயம் காட்டுவது இடக்கை. பூணூல் வலத்தோளிலிருந்து இறங்குகிறது.

“அன்பர்களே,” என்கிறார். குரல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. “அபயம் வலக்கைக்கு உரியது. இந்த நாட்டில் எந்தத் தெய்வமும் இடக்கையால் அஞ்சாதே என்று சொன்னதில்லை. இது ஒன்றைத் தவிர.” நிறுத்துகிறார். இந்த இடத்தில் நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். “பூணூலைப் பாருங்கள். இடம் மாறியிருக்கிறது. எப்போது நாம் பூணூலை இடம் மாற்றிப் போடுகிறோம்? திதி கொடுக்கும்போது. ஆகவே இது உயிரோடு இருப்பவர்களுக்கான அபயம் அல்ல. இறந்தவர்களுக்கு அஞ்சாதே என்று சொல்லும் கை.” முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைக்கிறாள். அழகான கருத்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எந்த ஊரில் பேசினாலும் யாராவது ஒருவர் அழுவார்கள். செத்துப்போன அப்பாவுக்கு யாரோ அஞ்சாதே என்று சொல்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது. நானே முதல் தடவை அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அதுதான் அதிகக் கோபம் தந்தது. பொய்யை அழகாகச் சொல்லிவிட்டால் அதை யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்த அட்டையை நான் எழுதிய மத்தியானம் ஞாபகம் இருக்கிறது. மின்விசிறி ஓடவில்லை, முழங்கை வியர்வையில் அட்டை ஒட்டியது. இடக்கை அபயம், பூணூல் வலத்தோள் என்று கறுப்பு மையில் எழுதினேன். எழுதி முடித்ததும் எங்கோ இடித்தது. இரண்டும் சேர்ந்து மாறியிருந்தால் மாறியது சிலை அல்ல, படம். ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் இப்படித்தான் வரும். அதனால் அட்டையின் ஓரத்தில் ‘படம் திருப்பமா? நெகட்டிவைப் பார்க்க’ என்று நீலப் பென்சிலால் எழுதினேன். நீலப் பென்சில் என்பது எங்கள் நிலையத்து வழக்கம். வழக்கம் என்ன வழக்கம், அவர் போட்ட உத்தரவு. ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தால் நான் கறுப்பிலேயே கேள்விக்குறி போடுவேன். ஒருநாள் கூப்பிட்டு, “ஏம்மா, வெளியூர்லேர்ந்து நகல் கேக்கறாங்க. நகல் முழுக்க உன் சந்தேகமா இருந்தா நம்ம நிலையத்தோட மானம் என்னாகும்? வெளிர்நீலப் பென்சில் வச்சுக்கோ. ஜெராக்ஸ்ல விழாது” என்றார். விழவில்லைதான். அன்றிலிருந்து என் அட்டைகளில் தெரிந்தது எல்லாம் கறுப்பு, தெரியாதது எல்லாம் நீலம். நெகட்டிவ் அலமாரிச் சாவி அவர் இடுப்பில். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அந்தக் கை காற்றைத் தட்டியது. இரண்டு வருஷத்தில் அந்தப் பாறையைக் குவாரிக்காரர்கள் வெடி வைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். போய்ப் பார்க்கப் பாறையே இல்லை. பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுத என் அட்டைகளைக் கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். நானேதான் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். 1187-ஐ வைத்தபோது பச்சை வெளிச்சம் அதன் அடியில் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த தாளில் இடக்கை அபயம் இருந்தது, ஓரம் வெள்ளையாக இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்று அப்போது தோன்றவில்லை, அவருக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அவர் போட்ட உத்தரவு அவருக்கே மறந்துபோகும் என்று யார் நினைப்பார்கள்.

இதுவரை பழி என் மேல் இல்லை. அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முன் புரூஃப் என்னிடம் வந்தது. “எழுத்துப்பிழை மட்டும் பாரு. விஷயத்துல கை வைக்காதே.” முந்நூற்று நாற்பது பக்கம். என் ஏழு அத்தியாயத்தை அவர் பெயரில் வரிவரியாகப் படித்தேன். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒற்றுப் போட்டேன். அரைப்புள்ளியைத் திருத்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது, இடக்கை அபயம் வந்தது, இறந்தவர்களின் தெய்வம் வந்தது. படித்தேன். நீலப் பென்சில் மேஜையில்தான் இருந்தது. எடுத்துச் சீவினேன், நுனி உடைந்தது, மறுபடி சீவினேன். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்துப்பிழை இருந்தது, ‘வலத்தோளில்’ என்பதில் ளகரம் தப்பு. அதைத் திருத்தினேன். பக்கத்தைப் புரட்டினேன். அவர் சொன்னபடியே செய்தேன், ஒரு எழுத்துகூட மீறவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, காற்று முகத்தில் அடித்தது, இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அவர் வீட்டு அஸ்திவாரத்தில் நான் ஒன்றும் புதைக்கவில்லை. அவரே தோண்டிய குழியை மூடாமல் வந்தேன், அவ்வளவுதான். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் குழியை யாரும் கவனிக்கவில்லை. மொழிபெயர்த்தார்கள், பரிசு கொடுத்தார்கள், பையில் அச்சடித்தார்கள். குழியின் மேல் ஆட்கள் சாதாரணமாக நடந்துபோனார்கள், ஒருவரும் விழவில்லை. எனக்கு மட்டும்தான் அங்கே குழி இருப்பது தெரியும்.

“மேடம், உங்களுக்கு சாரைத் தெரியுமா?” பக்கத்துப் பெண் மெதுவாகக் கேட்கிறாள். தெரியும் என்கிறேன். “நான் பெனிட்டா. தூத்துக்குடி. சாரோட கடைசி ஸ்டூடன்ட் நான்தான்.” கையிலிருக்கும் ஃபைலைத் திறக்கிறாள், செல்போன் வெளிச்சத்தைத் தாளின் மேல் பிடிக்கிறாள். “இந்த இடக்கையைப் பத்தித்தான் என் தீசிஸ். மூணு வருஷம் ஆச்சு. சார் அவரோட சொந்த அட்டையவே எனக்குக் குடுத்தாரு, பாருங்க. அவரே பாறைக்கு முன்னாடி உக்காந்து எழுதினதாம்.” தாளில் என் கையெழுத்து. இருபத்தைந்து வயதுப் புனிதவதியின் கையெழுத்து, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, ஓட்டமாக. வியர்வைத் தழும்புகூட நகலில் விழுந்திருக்கிறது. ஓரம் மட்டும் வெள்ளை. “அவரே எழுதினதா சொன்னாரா?” என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்கிறேன். “ஆமா மேடம். கையெழுத்து அழகா இருக்குல்ல?” இருக்கிறது என்றேன். காது மடல் சூடாகிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டார், சரி. பெயரை எடுத்துக்கொண்டார், அதுவும் பழகிவிட்டது. என் கையையே எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்த ஆள் பாறையைப் பார்த்ததே இல்லை. காமிராக்காரர் சவரிமுத்து எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஜீப் போகாத இடம், மூன்று கிலோமீட்டர் நடை, டைரக்டர் ஜீப்பிலேயே உட்கார்ந்து இளநீர் குடித்தாராம். சவரிமுத்து தனியாகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார். அவரும் இப்போது இல்லை. இறந்தவர்களுக்கு அபயம் என்று மேடையில் பேசுகிறார், அந்த இறந்தவரின் பெயர் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது.

தோள் வலிக்கிறது, பையைப் பிடித்த பிடியில். புத்தர் சிலைகளில் ஒரு கை உண்டு, என் அட்டைகளில் அறுபத்து நாலு இருக்கின்றன. உட்கார்ந்தபடி வலக்கை விரல்களை முழங்காலுக்குக் கீழே இறக்கித் தரையைத் தொடுவார். நீ ஞானம் அடைந்ததற்கு யார் சாட்சி என்று கேட்டபோது, கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்காதபோது, பூமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். எனக்கு அந்தக் கையை எழுதும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். எனக்குச் சாட்சி சொல்ல வேண்டிய பாறை ரோட்டில் ஜல்லியாகப் போய்விட்டது. நான் தொட்டுக் காட்ட இருப்பது விரல் நீளத்துக்கு ஒரு ஃபிலிம். அதுவும் திருடியது. நான் ரிட்டயரானபின், படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வைத்தார்கள். எண் பொருந்தாத ஃபிலிம்களைப் பிரித்துக் கொடுக்க என்னை இரண்டு நாள் கூப்பிட்டார்கள். அப்போதுதான் அந்த அலமாரி முதல் தடவை எனக்குத் திறந்தது. சவரிமுத்து ஒவ்வொரு ஃபிலிமின் மூலையிலும் மெல்லிய நுனிப் பேனாவால் எண் எழுதியிருப்பார். எண் நேராகத் தெரிகிறபடி பிடித்தால்தான் படம் நேர், திரும்பித் தெரிந்தால் படமும் திருப்பம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். 1187-ஐ ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். எண் நேராக இருந்தது. வலக்கை அபயம். பூணூல் இடத்தோள். ஊரில் இருக்கிற மற்ற எல்லாச் சிலைகளையும் போல, ஒரு சாதாரண அபயம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். போகும்போது ஃபிலிம் என் பையில் இருந்தது. அட்டைகளை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, பழைய பேப்பர்காரருக்குப் போடப் போகிறோம், வேண்டுமானால் எடுத்துப்போங்கள் என்றார்கள். ஆட்டோ பிடித்துப் பதினான்கு இழுப்பறை அட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கடைசிச் சிலைடு வந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம். ஃபிலிம் இருக்கிறதா என்று பயம், பையைத் திறந்து உறையைப் பிரித்துப் பார்க்கிறேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துச் சுவரில் வழி காட்டும் பச்சை விளக்கு எரிகிறது, அதற்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். எண் நேராக இருக்கிறது. திடீரென்று என் மணிக்கட்டில் ஒரு கை. பெனிட்டா. அவள் ஃபிலிமைப் பார்க்கிறாள், மூலையில் நேராக நிற்கும் எண்ணைப் படிக்கிறாள், திரையைப் பார்க்கிறாள், மறுபடி ஃபிலிமைப் பார்க்கிறாள். கெட்டிக்காரி, நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “மேடம்,” என்கிறாள், “அப்ப என்னோடது?” நான் ஃபிலிமை உறைக்குள் திரும்பப் போடுகிறேன். அவள் பிடியைத் தளர்த்தவில்லை. “நீங்க யாரு மேடம்?” “அந்த அட்டையை எழுதினவ.” ஃபைலிலிருக்கும் நகலைப் பார்க்கிறாள். பிறகு காதருகே குனிந்து வேகமாகச் சொல்கிறாள். “இன்னைக்குக் கேக்காதீங்க மேடம். எனக்கு அடுத்த மாசம் வைவா. அது முடியட்டும். அப்புறம் நானே உங்ககூட நின்னு சொல்றேன். அடுத்த மாசம் மட்டும், ப்ளீஸ்.”

அடுத்த மாசம். இந்த அரங்கத்தில் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் நான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை, உட்கார்ந்திருக்க மாட்டேனோ என்னவோ. மூன்று வருஷம் இந்தப் பெண் நகம் கடித்து எழுதியது. அதைக் கிழிக்கப் போவது நான். அவர் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்கிறேன் என்று மனசு சொல்கிறது. இல்லை, இது வேறு என்று அதே மனசு சொல்கிறது. அடுத்த மாதம் இவளுக்குப் பட்டம் கிடைக்கும், பிறகு சொல்ல இவளுக்கு வாய் வராது, பட்டம் வாயை அடைத்துவிடும். எனக்கு அறுபத்து நாலு, அவருக்கு எண்பது. அவர் மாலையோடு செத்துப்போனால் நான் யாரைக் கேட்பது? இந்தப் பெண்ணை நினைத்து வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த கோபம். விளக்குகள் எரிகின்றன. யாராவது கேள்வி கேட்க விரும்பினால் என்று தொகுப்பாளர் சொல்கிறார். நான் கையைத் தூக்குகிறேன். வலக்கை மணிக்கட்டை அவள் விடவில்லை, அதனால் இடக்கை.

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விழாவுக்குப் பொருத்தமாக இடக்கையைத் தூக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மைக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெனிட்டா கையை எடுத்துவிட்டாள். வலக்கையில் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறேன். “சார், 1187-ஆம் அட்டை. அதை எழுதினது நீங்கதானா?” அவர் கண்ணைச் சுருக்குகிறார். “யாரது, நம்ம புனிதவதியா? வாம்மா.” கூட்டத்தைப் பார்த்து, “நம்ம பழைய டைப்பிஸ்ட். வேலையில ரொம்பச் சுத்தம்” என்கிறார். கைதட்டுகிறார்கள். “நானேதான்மா எழுதினேன். எழுபத்தொன்பதுல, அந்தப் பாறைக்கு முன்னாடி தரையில உக்காந்து.” மறுபடி கைதட்டல். அது அடங்கட்டும் என்று நின்றேன். பயம் போய்விட்டது, உள்ளங்கை காய்ந்துவிட்டது. “அப்படின்னா அந்த அட்டை ஓரத்துல நீலப் பென்சில்ல என்ன எழுதியிருக்கீங்க சார்?”

“நீலப் பென்சிலா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வலக்கை பழக்கப்படி மேலே வந்தது, இருக்கட்டும் என்று தட்டுவதற்கு. “நீலப் பென்சில்,” என்று இன்னொரு தடவை சொன்னார், இப்போது எனக்கில்லை, தனக்கே. அந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது. நான் பார்த்தேன். அவர் முகத்தில் பார்க்கவில்லை, கையில் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளங்கை எங்களைப் பார்த்தபடி, விரல்கள் மேல்நோக்கி, மார்பளவில், தட்டாமல். அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கி மேஜைக்கு அடியில் போனது, இடக்கையும் அதன் பின்னால் போனது. “படம் திரும்பி அச்சாயிருக்கு சார்,” என்றேன். “ஃபிலிம் என்கிட்ட இருக்கு. கை வலக்கைதான்.” யாரோ எழுந்தார்கள், யாரோ உட்காருங்கள் என்றார்கள், தொகுப்பாளர் ஏதோ சொன்னார். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆ-12. இரு கைகளும் காணப்படவில்லை. கை உடைந்துபோன சிலைகளுக்கு நான் எழுதும் வாசகம் அதுதான், மாற்ற ஒன்றும் இல்லை. இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது.

குனிந்து பார்த்தேன். பெனிட்டா அழவில்லை. அந்த நகலை மேல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். “மேடம், இதுல ஒண்ணுமே இல்லையே,” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷம் அவள் அதையே பார்த்திருக்கிறாள், அதில் இல்லாததை எப்படிப் பார்த்திருப்பாள்? புரூஃபில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அன்றைக்கு நான் திருத்தியிருந்தால் இந்தப் பெண் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே மாட்டாள். “அது நகல்ல வராதும்மா,” என்றேன். மைக் இன்னும் வாயருகில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. பையிலிருந்து என் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். இடக்கையால்தான் கொடுத்தேன், வலக்கையில் மைக் இருந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.